செல்ஃப் எடுக்காத ஜீப்: மோட்டாரைக் கழற்றுவதற்கு முன்

பழைய ஜீப் வாங்கிய முதல் வருடத்துக்குள் எல்லோருக்கும் ஒரு நாள் இப்படி விடியும். சாவியைத் திருப்புவீர்கள், டேஷ்போர்டில் விளக்கு எரியும், எஞ்சின் மட்டும் அசையாது. தெருவில் போகிறவர் நின்று, “பேட்டரி டவுனா சார்?” என்பார். டீக்கடையில் இருப்பவர் அங்கிருந்தே, “செல்ஃப் மோட்டார் போயிருக்கும்” என்பார். இரண்டு பேரும் பார்க்காமல்தான் சொல்கிறார்கள்.

எனக்கு இது நடந்தது கேப்பர் மலையில், முந்திரித் தோப்புக்கு நடுவே ஒரு செம்மண் தடத்தில். சரிவில் உருட்டி ஸ்டார்ட் செய்து கடலூருக்கு இறங்கி, ஓர் ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடையில் காட்டினேன். கையோடு செல்ஃப் மோட்டாரைக் கழற்றி, உள்ளே சுற்றும் பாகத்துக்குக் கரன்ட்டைக் கடத்தும் கார்பன் கட்டைகள், தண்டைத் தாங்கும் புஷ் எல்லாம் மாற்றித் தந்தார்கள். பத்து நாள் ஓடியது. பதினோராம் நாள் மறுபடி ‘டொக்’. அப்புறம் மஞ்சக்குப்பத்தில் வயதான எலக்ட்ரீஷியன் ஒருவரைப் பிடித்தேன். அவர் வண்டிக்கு அடியில் படுக்கக்கூட இல்லை. மீட்டரின் இரண்டு முனைகளை இரண்டு இடத்தில் வைத்து என்னைச் சாவியைத் திருப்பச் சொன்னார். “தம்பி, மோட்டார் நல்லாத்தான் இருக்கு. எர்த்துதான் செத்துப் போச்சு.” எஞ்சினையும் சேசிஸையும் இணைக்கும் செம்புப் பின்னல் பட்டை களிம்பேறி, நாலைந்து இழையில் தொங்கிக்கொண்டிருந்தது. மோட்டாரைக் கழற்றி மாட்டியபோது அந்தப் பட்டை கொஞ்சம் அசைந்து ஒட்டியதில்தான் எனக்கு அந்தப் பத்து நாள் கிடைத்திருக்கிறது.

கடலூர், பாண்டி என்று உப்புக்காற்று அடிக்கும் ஊரில் ஜீப் வைத்திருப்பவர்கள் முதலில் சந்தேகப்பட வேண்டியது மோட்டாரை அல்ல, மின்சாரம் போய் வரும் பாதையை. அதனால் இங்கே வரிசை இதுதான்: முதலில் காது, அப்புறம் மீட்டர், கடைசியில் ஸ்பானர். மேஜர், எம்எம் 540, தார், கூர்க்கா, ஜிப்சி எதுவானாலும் முறை ஒன்றுதான். ஆனால் எண்கள் எல்லாம் 12 வோல்ட் வண்டிக்கானவை. உங்களுடையது 24 வோல்ட் என்றால் அவை பொருந்தாது.

உள்ளே என்ன நடக்கிறது

சாவியைத் திருப்பினால் இரண்டு பாதைகள் வேலை செய்கின்றன. ஒன்று மெல்லிய ஒயர்ப் பாதை. சாவி, ரிலே (சின்னக் கரன்ட்டால் பெரிய கரன்ட்டை இணைக்கும் சுவிட்ச்), சில வண்டிகளில் கிளட்ச் சுவிட்ச் என்று கடந்து, செல்ஃப் மோட்டாரின் முதுகில் உட்கார்ந்திருக்கும் சோலனாய்டின் சின்ன முனைக்குப் போகும். அந்த முனைக்கு 50 என்று பெயர். இன்னொன்று கட்டைவிரல் தடிமனுள்ள கேபிள். பேட்டரி பாசிட்டிவிலிருந்து நேராகச் சோலனாய்டின் பெரிய போல்ட்டுக்கு வரும். அது 30.

சின்ன முனைக்குக் கரன்ட் வந்ததும் சோலனாய்டு ஒரு லீவரை இழுத்து, மோட்டாரின் சின்னப் பல்சக்கரமான பினியனை, எஞ்சினோடு சுற்றும் ஃப்ளைவீலின் விளிம்பிலுள்ள ரிங் கியரில் கோக்கிறது. அந்த இழுப்பு முடியும் இடத்தில் ஒரு செம்புத் தட்டு இரண்டு பெரிய போல்ட்டுகளையும் சேர்க்கிறது. உடனே மோட்டார் சுற்றும். டீசல் எஞ்சினைச் சுற்ற அது சாதாரணமாக 250 ஆம்பியர் இழுக்கும், முதல் கணத்தில் அதைவிட அதிகம். வீட்டு மிக்சி இழுப்பது இரண்டு மூன்று ஆம்பியர்தான். போன கரன்ட் அத்தனையும் திரும்பி வரவும் வேண்டும். அதற்குத் தனி ஒயர் கிடையாது. மோட்டாரின் உடம்பு, எஞ்சின், எர்த் பட்டை, சேசிஸ், பேட்டரி நெகட்டிவ் என்று இரும்பு வழியாகவே வரும்.

செல்ஃப் என்று நாம் சொல்வது செல்ஃப் ஸ்டார்ட்டரின் சுருக்கம்தான். 1912இல் காடிலாக் கார்களில் வருவதற்கு முன் ஹேண்டில் போட்டுச் சுற்ற வேண்டியிருந்தது. பழைய ஜீப்புகளின் முன்பக்கத்தில் அந்த ஹேண்டில் நுழையும் ஓட்டை இருக்கும். உங்கள் வண்டியில் அது இருந்து, ஹேண்டிலும் கையில் இருந்தால் எறிந்துவிடாதீர்கள்.

காது

ஹேண்ட்பிரேக் போட்டு, கியரை நியூட்ரலில் வைத்து, ஒருவரைச் சாவி திருப்பச் சொல்லிவிட்டு நீங்கள் போனட்டுப் பக்கம் நில்லுங்கள்.

எந்தச் சத்தமும் இல்லை, விளக்குகள் மட்டும் பளிச்சென்று எரிகின்றன என்றால் சந்தேகம் மெல்லிய பாதையின் மேல். சாவி சுவிட்ச், ரிலே, கிளட்ச் சுவிட்ச், 50ஆம் முனையில் கழன்ற ஒயர், இவற்றில் ஏதோ ஒன்று.

தடதடவென்று இயந்திரத் துப்பாக்கி மாதிரி அடித்தால் பேட்டரி இறங்கியிருக்கிறது, அல்லது தடித்த பாதையில் எங்கோ தடை. சோலனாய்டு இழுக்கிறது, செம்புத் தட்டு சேர்கிறது, மோட்டார் கரன்ட்டை உறிஞ்சுகிறது, வோல்ட்டேஜ் சரிகிறது, பிடித்து வைக்கச் சக்தி இல்லாமல் சோலனாய்டு விட்டுவிடுகிறது. விட்டதும் வோல்ட்டேஜ் ஏறும், மறுபடி இழுக்கும்.

ஒரே ஒரு ‘டொக்’ மட்டும் வந்து நின்றால் மூன்று வாய்ப்பு: எர்த் அல்லது கேபிள் தடை, சோலனாய்டுக்குள் செம்பு கருகியது, கார்பன் தேய்ந்தது. நான்காவதாக ஒன்று உண்டு, அது நம் போன்றவர்களுக்கே உரியது. தண்ணீருக்குள் இறங்கி வந்த வண்டியில் ‘டொக்’ என்று நின்றால் சாவியை மறுபடி திருப்பாதீர்கள். ஏர் ஃபில்டர் வழியாகச் சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருக்கலாம். தண்ணீர் காற்றைப் போல அமுங்காது, கனெக்டிங் ராடுதான் வளையும். க்ளோ பிளக்கையோ இன்ஜெக்டரையோ கழற்றித் தண்ணீரை வெளியேற்றிய பிறகே எஞ்சினைச் சுற்ற வேண்டும்.

‘உய்ய்ங்’ என்று மோட்டார் மட்டும் சுற்றி எஞ்சின் அசையாவிட்டால் பென்டிக்ஸ், அதாவது பினியனோடு சேர்ந்த ஒருவழிக் கிளட்ச், வழுக்குகிறது. ‘கரகர’ என்றால் பினியன் பல்லோ ரிங் கியர் பல்லோ தேய்ந்திருக்கிறது. எஞ்சின் ஓட ஆரம்பித்த பிறகும் செல்ஃப் நிற்காமல் அலறினால் சோலனாய்டுச் செம்பு ஒட்டிக்கொண்டது. சாவியை எடுத்தும் பயன் இருக்காது, உடனே பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள்.

எஞ்சின் நன்றாகச் சுற்றியும் பிடிக்கவில்லை என்றால் அது இந்தக் கட்டுரையின் விஷயமே அல்ல. டீசல் லைனில் காற்று, அடைத்த ஃபில்டர், இழுத்தபடியே நிற்கும் ஸ்டாப் கேபிள் என்று அந்தப் பக்கம் பாருங்கள்.

மீட்டர் இல்லாத இடத்தில் ஹெட்லைட் உதவும். ஹெட்லைட்டைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்புங்கள். வெளிச்சம் மங்கவே இல்லையென்றால் மோட்டாருக்குக் கரன்ட் போகவே இல்லை. சுத்தமாக அணைந்துபோனால் பேட்டரியும் அதன் முனைகளும்.

பேட்டரியை ஓய்வில் அளந்து ஏமாறாதீர்கள்

ஒரு மல்டிமீட்டர் போதும், சில நூறு ரூபாய்க்குக் கிடைப்பதே போதும். 20 வோல்ட் டிசி நிலையில் வையுங்கள். ஹெட்லைட்டை இரண்டு நிமிடம் எரியவிட்டு அணைத்த பிறகு அளந்தால் 12.6 வோல்ட் இருக்க வேண்டும். 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. 12க்குக் கீழே என்றால் மற்ற சோதனைகளை நிறுத்திவிட்டு முதலில் சார்ஜ் போடுங்கள்.

12.6 காட்டிவிட்டது என்பதற்காகப் பேட்டரி நல்லது என்று முடிவு கட்டவும் கூடாது. எஞ்சினைச் சுற்றும்போது அளவு 9.6க்குக் கீழே போகக் கூடாது. ஓய்வில் 12.6 காட்டி, சுற்றும்போது 7க்கு விழும் பேட்டரியில் ஏதோ ஒரு செல் போயிருக்க வாய்ப்பு அதிகம். தண்ணீர் ஊற்றும் வகை என்றால், அமிலத்தின் அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டரால் ஆறு செல்லையும் பாருங்கள். ஒன்று மட்டும் மற்றவற்றைவிட 0.050 குறைந்து நின்றால் அதுதான் திருடன்.

பாதையில் எங்கே தொலைகிறது

இதைக் கற்றுக்கொண்டால் மற்றதெல்லாம் சுலபம். நிறையப் பேர் கேபிளைக் கழற்றி ஓம் நிலையில் வைத்துப் பார்த்து, “சைபர் காட்டுது, நல்லா இருக்கு” என்று மாட்டிவிடுவார்கள். 250 ஆம்பியர் ஓடும் பாதையில் ஓர் ஓமில் ஆயிரத்தில் ஐந்து பங்கு தடை இருந்தாலே 1.25 வோல்ட் தொலைந்துவிடும். மீட்டரின் சொந்த ஒயருக்கே அதைப் போலப் பல மடங்கு தடை உண்டு. ஆகவே ஓம் நிலையில் அது தெரியவே தெரியாது. கரன்ட் ஓடும்போது எவ்வளவு வோல்ட் தொலைகிறது என்றுதான் பார்க்க வேண்டும்.

முதலில் எஞ்சின் ஸ்டார்ட் ஆகாதபடி செய்துகொள்ளுங்கள். பழைய டீசலில் ஸ்டாப் கேபிளை இழுத்துப் பிடித்தால் போதும். பெட்ரோல் வண்டியானால் ஃப்யூல் பம்ப் ஃப்யூஸை எடுத்துவிடுங்கள், கார்புரேட்டர் வண்டியில் காயில் ஒயரை. ஒவ்வொரு முறையும் நாலைந்து நொடிக்கு மேல் சுற்றாதீர்கள், நடுவே ஒரு நிமிடம் ஆறவிடுங்கள்.

மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவின் ஈயக் கொம்பின் மேலேயே வையுங்கள், கிளாம்பின் மேல் அல்ல. மற்ற முனையை எஞ்சின் பிளாக்கில் பெயின்ட் இல்லாத ஓர் இடத்தில் அழுத்துங்கள். ஓய்வில் சைபர் காட்டும். இப்போது சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். 0.2 வோல்ட் வரை சரி. என் ஜீப் அன்றைக்கு 1.4 காட்டியது.

இனி முனையை ஒவ்வோர் அடியாக நகர்த்துங்கள். ஈயக் கொம்புக்கும் கிளாம்புக்கும் நடுவே, எனக்கு 0.1. கிளாம்பிலிருந்து சேசிஸ் போல்ட் வரை இன்னொரு 0.1. சேசிஸிலிருந்து எஞ்சின் பிளாக் வரை 1.2. ஆக, அங்கேதான். 250 ஆம்பியர் என்று வைத்துக்கொண்டால் அந்தப் பட்டையில் மட்டும் 300 வாட் வீணாகிறது, ஓர் அயர்ன் பாக்ஸின் பாதிக்குக் கொஞ்சம் குறைவு. சில முறை சுற்றிவிட்டுக் கையை வைத்தாலே சூடு தெரியும். எர்த் பட்டை முழுதும் அறுந்துபோனால் கரன்ட் ஆக்சிலரேட்டர் கேபிள், கிளட்ச் கேபிள் வழியாகக்கூடத் திரும்பப் பார்க்கும். ஆக்சிலரேட்டர் கேபிள் புகைகிறது என்று யாராவது சொன்னால் சிரிக்காதீர்கள், எர்த்தைப் பாருங்கள்.

பாசிட்டிவ் பக்கமும் இதே முறைதான். பேட்டரி பாசிட்டிவ் கொம்பில் ஒரு முனை, மோட்டாருக்குள் நுழையும் கேபிள் போல்ட்டில் மறு முனை. மொத்தம் 0.5 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். சோலனாய்டின் இரண்டு பெரிய போல்ட்டுகளுக்கு நடுவே மட்டும் அளந்து 0.3க்கு மேல் வந்தால் உள்ளே செம்பு கருகிவிட்டது.

கண்டுபிடித்த இணைப்பைச் சரிசெய்வது பெரிய வேலை இல்லை, ஆனால் அரைகுறையாகச் செய்வார்கள். பேட்டரியில் எப்போதும் நெகட்டிவை முதலில் கழற்றி, கடைசியில் மாட்டுங்கள். மோதிரம், இரும்புக் காப்பு போட்டிருந்தால் கழற்றி வையுங்கள். முனைகளில் பூத்திருக்கும் வெள்ளைப் பொடியை ஆப்பசோடா கரைத்த வெந்நீரால் கழுவுங்கள், செல்லுக்குள் மட்டும் அது போகக் கூடாது. பட்டை உட்காரும் இடத்தில் பெயின்ட்டையும் துருவையும் உப்புத்தாளால் தேய்த்து வெள்ளை இரும்பு தெரியும்வரை எடுக்க வேண்டும். போல்ட்டை இறுக்கிய பிறகு மேலே வாசலின் தடவுங்கள். கேபிள் முனையில் போல்ட் நுழையும் லக்கின் கழுத்தில் இன்சுலேஷன் உப்பியிருந்தால் உள்ளே கம்பி பச்சையாகிவிட்டது என்று அர்த்தம், லக்கை மட்டும் மாற்றிப் பிரயோஜனமில்லை. கேபிளையே மாற்றுங்கள், டீசலுக்கு 35 சதுர மில்லிமீட்டருக்குக் குறையாமல். கூடவே பேட்டரி நெகட்டிவிலிருந்து நேராக எஞ்சின் பிளாக்குக்கு இரண்டாவதாக ஓர் எர்த் கேபிள் போட்டுவிடுங்கள். இந்தக் கடற்கரையில் ஓடும் எந்தப் பழைய ஜீப்புக்கும் நான் முதலில் சொல்வது அதைத்தான்.

சத்தமே வராத வண்டி

50ஆம் முனையில் டெஸ்ட் லேம்ப் வைத்துச் சாவியைத் திருப்புங்கள். லேம்ப் பளிச்சென்று எரிந்தும் சோலனாய்டு அடிக்கவில்லை என்றால் கோளாறு சோலனாய்டில். எரியவில்லை என்றால் பின்னோக்கி நடங்கள்: ரிலே, கிளட்ச் சுவிட்ச், சாவி. ரிலேயைச் சோதிக்கச் சுலபமான வழி, அதே வகை ஹாரன் ரிலேயை எடுத்து மாற்றிப் போட்டுப் பார்ப்பது.

ரிலேயே இல்லாத பழைய வண்டிகளில் சோலனாய்டு இழுக்கும் கரன்ட் முழுவதும் சாவி சுவிட்ச் வழியாகவே போகிறது. சுவிட்ச் கருகுவதில் ஆச்சரியம் என்ன? 40 ஆம்பியர் ரிலே ஒன்று வாங்கிப் போடுங்கள். ரிலேயின் 30ஆம் முனைக்குப் பேட்டரியிலிருந்து ஃப்யூஸ் வழியாக ஒரு ஒயர், 87இலிருந்து சோலனாய்டின் 50க்கு, 86க்குச் சாவியிலிருந்து வந்த பழைய ஒயர், 85 எர்த்துக்கு. ஒரு மணி நேர வேலை.

காட்டுக்குள் மாட்டிக்கொண்டால் சோலனாய்டின் 30ஐயும் 50ஐயும் ஸ்க்ரூடிரைவரால் தொட்டு ஸ்டார்ட் செய்வார்கள். வேலை செய்யும். ஆனால் கியரில் இருக்கும் வண்டி உங்கள் மேலேயே ஏறும், அதுவும் நீங்கள் அடியில் படுத்திருக்கும்போது. நியூட்ரலை இரண்டு முறை பார்த்துக்கொள்ளுங்கள். சுத்தியால் மோட்டாரைத் தட்டும் வைத்தியம் ஒட்டிக்கொண்ட கார்பனை நகர்த்தும், அன்றைக்கு வீடு சேர்க்கும். உள்ளே காயிலுக்குப் பதில் காந்தம் இருக்கும் புதிய வகை மோட்டாரைத் தட்டினால் காந்தம் உடைந்துபோகும்.

சரி, இப்போது ஸ்பானர்

மேலே சொன்னதெல்லாம் சரியாக இருந்தும் மோட்டார் சோம்பினால் கழற்றத்தான் வேண்டும். நெகட்டிவைக் கழற்றி, ஒயர்களைப் படம் எடுத்துக்கொண்டு, போல்ட்டுகளை எடுங்கள். கடைசி போல்ட் வரும்போது ஒரு கை மோட்டாருக்கு அடியில் இருக்கட்டும். டீசல் செல்ஃப் நல்ல கனம்.

திறந்த இடத்தில் டார்ச் அடித்து ரிங் கியரைப் பாருங்கள். நாலு சிலிண்டர் எஞ்சின் பெரும்பாலும் எதிரெதிரான இரண்டு நிலைகளில்தான் வந்து நிற்கும். பல் தேய்மானமும் அந்த இரண்டு இடத்தில்தான் அதிகம் இருக்கும். எஞ்சினைக் கையால் சுற்றி முழு வட்டத்தையும் பார்த்துவிடுங்கள்.

பினியனைக் கையால் திருப்பினால் ஒரு பக்கம் வழுக்கிச் சுற்ற வேண்டும், மறுபக்கம் பிடித்துக்கொள்ள வேண்டும். இரண்டு பக்கமும் சுற்றினால் பென்டிக்ஸ் போச்சு. அதை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டுக் கழுவும் பழக்கம் நம்மூரில் உண்டு. செய்யாதீர்கள், உள்ளே அடைத்த கிரீஸ் கரைந்து வந்துவிடும். துணியால் துடைத்தால் போதும். பினியன் நகரும் தண்டில் மெல்லிய பூச்சாக மட்டும் கிரீஸ். தாராளமாக அப்பினால் கேப்பர் மலைச் செம்மண் அதில் ஒட்டி, அதுவே உப்புத்தாளாக அரைக்கும்.

கார்பன் பாதி அளவுக்குத் தேய்ந்திருந்தால் நாலையும் சேர்த்து மாற்றுங்கள். மோட்டாருக்குள் சுற்றும் ஆர்மேச்சரில் கார்பன் உரசும் செம்புத் தட்டுகளை மெல்லிய உப்புத்தாளால் மினுக்கி, நடுவே இருக்கும் மைக்கா இடைவெளிகளைச் சுரண்டி அரை மில்லிமீட்டர் ஆழமாக்குங்கள். ஆர்மேச்சர் ஓரமாக உரசிய தடம் இருந்தால் புஷ் தேய்ந்துவிட்டது. புதுப் புஷ்ஷை மாட்டும் முன் ஓர் இரவு எஞ்சின் ஆயிலில் ஊறவையுங்கள். சோலனாய்டைத் திறக்க முடிகிற வகையென்றால் செம்புப் போல்ட்டுகள் பெரும்பாலும் ஒரு பக்கம்தான் கருகியிருக்கும். அரைச் சுற்றுத் திருப்பி, தட்டையும் கவிழ்த்துப் போட்டால் புதுச் செம்பு கிடைத்த மாதிரி.

தண்ணீரில் மூழ்கிய வண்டிக்கு ஒரு வார்த்தை. 2024 நவம்பர் 30இல் ஃபெஞ்சல் புயல் பாண்டி அருகே கரை கடந்தபோதும், அடுத்து தென்பெண்ணையில் வெள்ளம் வந்தபோதும் தெருவில் நின்ற எத்தனையோ வண்டிகளுக்குள் சேறு புகுந்தது. அப்படி நனைந்த மோட்டார் அன்றைக்கு ஓடினாலும் நம்பாதீர்கள். கழற்றி, நல்ல தண்ணீரில் உடம்பை மட்டும் அலசி, பிரித்து நிழலில் உலர்த்துங்கள். உள்ளே சேறு காய்ந்துவிட்டால் பினியன் தண்டிலேயே ஒட்டிக்கொள்ளும்.

மாட்டும்போது ஒன்றைக் கவனியுங்கள். கடையில் சர்வீஸ் செய்த மோட்டாருக்குப் புதுசு போலக் கறுப்புப் பெயின்ட் அடித்துத் தருவார்கள், எஞ்சினோடு உட்காரும் முகத்துக்கும் சேர்த்து. அந்த முகம்தான் மோட்டாரின் எர்த். சுரண்டி இரும்பைக் காட்டிவிட்டு மாட்டுங்கள்.

எல்லாம் முடிந்ததும் ஸ்டாப் கேபிளை இழுத்துப் பிடித்து ஒருமுறை சுற்றி, இரண்டு எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: சுற்றும்போது பேட்டரி வோல்ட்டேஜ், எர்த் பக்கம் தொலையும் வோல்ட். நான் போனட்டுக்கு உள்பக்கம் ஒரு டேப் ஒட்டி அதில் எழுதுகிறேன், ஐப்பசி மழைக்கு முன் ஒரு தடவை, தை பிறந்ததும் ஒரு தடவை. மழைக்கு முன் 10.4, 0.1. தையில் 10.1, 0.3. பட்டையின் போல்ட்டைக் கழற்றினேன். வாஷருக்கு அடியில், வாசலின் படாத ஒரு நகக்கண் அளவு இடத்தில், பச்சைக் களிம்பு தொடங்கியிருந்தது.